பயிலும் காலத்துப் பணி

கல்வி கற்பதற்கு அறிவும் ஆர்வமும் இருந்தாற் போதும் என்று கூறுவர். ஆயினும், கல்லூரியின் வாயிலை மிதித்த மாணவர் விரைவிலேயே வேறோர் உண்மையை உணர்கின்றனர். தங்க இடம் வேண்டும். உண்ண உணவு வேண்டும். நூல்கள் வாங்க வேண்டும். கட்டணம் செலுத்த வேண்டும். இவை யாவும் பொருளால் ஆவன. வீட்டிலிருந்து வரும் பொருள் இவற்றுக்குப் போதாதபோது, கற்கும் காலத்திலேயே ஈட்டும் கடமையும் மாணவர் தலைமேல் வந்து விழுகின்றது. உலகின் பல நாடுகளிலும் ஏழை மாணவர் பலர் இவ்வாறு ஈட்டிக் கற்றே பட்டம் பெற்றுள்ளனர்.

இத்தகைய பணிகள் இருவகைப்படும். வயிற்றுக்கு மட்டும் உணவளிப்பது ஒருவகை. வயிற்றோடு அறிவுக்கும் உணவளிப்பது மற்றொருவகை. முதல்வகைப் பணியும் இழிவானதன்று. உழைத்து உண்பதில் இழிவு ஏது? ஆனால், பகலெல்லாம் படிப்பும் மாலையெல்லாம் படிப்புக்குத் தொடர்பில்லாத உழைப்பும் என்று நாளை இரு கூறாக்கி வாழ்வது கடினம். ஒன்று வளர மற்றொன்று தேயும். ஆகையால், தாம் கற்கும் கலைக்கு உறவான பணியை நாடுதல் மாணவர்க்கு இயல்பு. அத்தகைய பணி எங்கே கிடைக்கும்? யார் தருவார்? பட்டம் பெறாத மாணவரை நம்பி யார் வேலையை ஒப்படைப்பார்? பௌதிகம் எனப்படும் இயற்பியலைக் கற்கும் மாணவரை இக்கேள்விகள் பெரிதும் வருத்துகின்றன. இவற்றுக்கு விடை காண, முன்னர் அவ்வழியே சென்றவர்களின் வாழ்க்கையை நோக்குதல் நலம்.

ஐசக் நியூட்டன் 1661ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள டிரினிட்டிக் கல்லூரியில் சேர்ந்தார். முழுக் கட்டணம் செலுத்தாத ஏழை மாணவருள் ஒருவராகவே அவர் அங்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவ்வகை மாணவர் கட்டணச் சலுகைக்கு ஈடாக மற்றவர்க்கு ஏவல் செய்ய வேண்டும் என்பது அக்கால வழக்கம். 1664இல் கல்லூரியின் உதவித்தொகை கிடைத்தபோதுதான் நியூட்டனுக்கு அந்நிலை நீங்கியது. பிற்காலத்தில் கோள்களின் இயக்கத்துக்கு விதி வகுத்த அப்பேரறிஞருக்கு, அவ்வேவல் தொழில் உணவு தந்தது. அறிவுத்துறையில் ஒன்றும் தந்ததில்லை. முதல்வகைப் பணிக்கு இது சான்று.

இரண்டாம் வகைப் பணிக்குச் சான்றாக விளங்குபவர் இராபர்ட் மில்லிகன். அவர் 1868ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். தந்தையார் கிறித்தவ சமய போதகர். மில்லிகன் 1886இல் ஓகையோ மாநிலத்திலுள்ள ஓபர்லின் கல்லூரியை அடைந்தார். அங்கே அவர் உள்ளத்தைக் கவர்ந்த பாடங்கள் கிரேக்க மொழியும் கணிதமுமே. பௌதிகத்தைச் சில வாரங்கள் கற்றதுண்டு; அதனால் ஒரு பயனும் விளைந்ததாக அவர் கருதவில்லை.

1889ஆம் ஆண்டு, கல்லூரியின் இரண்டாம் ஆண்டுப் படிப்பு முடியும் காலத்தில், கிரேக்கப் பேராசிரியர் மில்லிகனை அழைத்தார். கல்லூரியைச் சார்ந்த ஆயத்தப் பள்ளியில் அடுத்த ஆண்டு பௌதிகம் கற்பிக்க இயலுமா என்று கேட்டார். மாணவர் திகைத்தார், தமக்குப் பௌதிகமே தெரியாது என்று உள்ளதை உள்ளவாறே சொன்னார். பேராசிரியரோ, தம்முடைய கிரேக்க வகுப்பில் நன்கு தேறியவர் எவரும் பௌதிகத்தைக் கற்பிக்க வல்லவரே என்று விடையிறுத்தார். வருவாய் வேண்டியிருந்த மில்லிகன், விளைவுக்குப் பேராசிரியரே பொறுப்பு என்று சொல்லி, முயன்று பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். கிரேக்க மொழிக்கும் பௌதிகத்துக்கும் என்ன உறவு? மேலோட்டமாக நோக்கினால் ஒன்றுமில்லை. ஆனால், கிரேக்கம் கற்பவர் ஒவ்வொரு சொல்லின் ஈற்றையும் உற்றுநோக்க வேண்டும். ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் பொருள் மாறிவிடும். பொறுமையும் நுட்பமும் இல்லாதவர் அம்மொழியில் தேற இயலாது. அவ்விரு பண்புகளையும் பேராசிரியர் தம் மாணவரிடம் கண்டிருக்க வேண்டும். வேலை தருவோர் பெரும்பாலும் முதலில் நோக்குவது, இவரிடம் ஒப்படைத்தால் ஒழுங்காகச் செய்வாரா என்பதையே. தெரியாததைக் கற்றுக்கொள்ளலாம், ஒழுங்கை ஒரு கோடைவிடுமுறையில் கற்றுக்கொள்ள முடியாது.

மில்லிகன் உடனே பௌதிகப் பாடநூல் ஒன்றை விலைக்கு வாங்கினார். 1889ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் பெரும்பகுதியை வீட்டிலிருந்து அந்நூலைக் கற்பதிலேயே செலவிட்டார். தேர்வுக்காகப் படிக்கும் மாணவர் தமக்கு விளங்காத பகுதியைக் கடந்து சென்றுவிடலாம். அப்பகுதியிலிருந்து வினா வராமலும் போகலாம். கற்பிக்கப் போகிறவர் அவ்வாறு கடந்து செல்ல இயலாது. எதிரே அமர்ந்திருக்கும் சிறுவருள் யாரேனும் ஒருவர் அந்த இடத்திலேதான் கை தூக்குவார்!

அவ்வாண்டு தொடங்கிய வகுப்பைப் பற்றி மில்லிகன் முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் நினைவுகூர்கின்றார். மாணவரைவிட ஓரடி முன்னே நிற்க வேண்டும் என்னும் வேட்கை அப்போது அவரை உந்தியது. அவ்வார்வம் மாணவரையும் பற்றிக்கொண்டிருக்கலாம் என்று கருதிய அவர், அம்முதல் வகுப்பைவிட நன்றாகப் பின்னர் எப்போதேனும் கற்பித்திருப்போமா என்று ஐயுற்றார். அவ்வளவு ஆழமாக அப்பணி அவரைப் பற்றிக்கொண்டது.

ஊதியத்துக்காக ஏற்ற வேலை வாழ்வின் திசையையே மாற்றியது. 1891இல் பட்டம் பெற்ற பின்பும் அவர் ஓபர்லினிலேயே இரண்டாண்டுகள் பௌதிகம் கற்பித்தார். பின்னர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்று, 1895இல் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1906இல் ஹென்றி கேல் என்பவருடன் சேர்ந்து, பள்ளி மாணவர்க்குரிய பௌதிகப் பாடநூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். ஆயத்தப் பள்ளியில் சிறுவரின் ஐயங்களைக் கேட்டறிந்தவர் எழுதிய நூல் அது.

1909ஆம் ஆண்டு அவர் தொடங்கிய எண்ணெய்த் துளிச் சோதனை உலகப் புகழ் பெற்றது. இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே நுண்ணிய எண்ணெய்த் துளிகளைத் தூவி, அவற்றுள் ஒன்றைத் தொலைநோக்கி வழியே பார்த்துக்கொண்டிருப்பார். துளி தன் எடையால் கீழே இறங்கும். தகடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், மின்னேற்றம் பெற்ற துளி மேலே ஏறும். இறங்கும் வேகத்தையும் ஏறும் வேகத்தையும் அளந்து, எலெக்ட்ரான் ஒன்றின் மின்னேற்றம் எவ்வளவு என்பதை அவர் கணித்தார். துளி துளியாக, மணிக்கணக்காகப் பொறுமையுடன் செய்ய வேண்டிய வேலை அது. அச்சாதனைக்காகவும் ஒளிமின் விளைவு பற்றிய ஆராய்ச்சிக்காகவும் 1923இல் அவர்க்கு நோபெல் பரிசு கிடைத்தது.

கற்பித்தல் ஒரு வாயில். கருவிகளைப் பேணுதல் மற்றொரு வாயில். பிரான்சு நாட்டில் பியேர் கியூரி என்னும் இளைஞர் 1877இல் பட்டத்தேர்வில் தேறினார். அப்போது அவர்க்கு வயது 18. உடனே மேற்படிப்பைத் தொடரக் குடும்பத்தின் பொருள்நிலை இடந்தரவில்லை. ஆகவே, 1878இல் பாரிஸ் மாநகரின் சோர்பான் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட உதவியாளராக அமர்ந்தார். பேராசிரியர் வகுப்புக்கு வருமுன் கருவிகளை ஒழுங்குபடுத்துவதும், மாணவர் செய்முறைப் பயிற்சிக்கு வேண்டுவனவற்றை அமைத்துக் கொடுப்பதும் இத்தகைய உதவியாளரின் கடமை. புகழ் தரும் வேலையன்று. கைகளைப் பழக்கும் வேலை.

அவ்வாறு பழகிய கைகள் விரைவிலேயே புதுமை கண்டன. பியேரும் அவர் தமையனார் ஜாக்கும் 1880இல், சிலவகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுகின்றது என்று கண்டறிந்தனர். அவ்வியல்பைப் பயன்படுத்தி, மிகச்சிறிய மின்னளவையும் அளக்கவல்ல கருவியொன்றை அமைத்தனர். அக்கருவி யார்க்குப் பயன்பட்டது என்பதை இனிக் காணலாம்.

போலந்து நாட்டில் வார்சா நகரில் 1867ஆம் ஆண்டு மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா பிறந்தார். அக்காலத்தில் அந்நாட்டுப் பகுதி இரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அங்குப் பெண்கள் பல்கலைக்கழகத்தில் பயில இயலாது. பாரிசுக்குச் செல்லப் பணமில்லை. மேரியும் அவர் தமக்கை பிரோனியாவும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். தமக்கை முதலில் பாரிசுக்குச் சென்று மருத்துவம் கற்பது; மேரி வேலை செய்து அவர்க்குப் பணம் அனுப்புவது; பின்னர் தமக்கை மேரிக்கு உதவுவது. 1886ஆம் ஆண்டு தொடங்கி மூன்றாண்டுக்கு மேலாக, மேரி தொலைவிலுள்ள சிற்றூர் ஒன்றில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையாக இருந்தார். பகலில் வேலை, இரவில் கணித நூலும் பௌதிக நூலும். வழிகாட்ட ஆசிரியர் ஒருவரும் அருகில் இல்லை.

1891இல் மேரி பாரிசை அடைந்து சோர்பானில் சேர்ந்தார். முதலில் தமக்கையின் வீட்டில் தங்கினார். போக்குவரத்திலேயே காலமும் காசும் கழிந்தமையால், பல்கலைக்கழகத்துக்கு அருகில் மாடியின் உச்சியில் சிற்றறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். குளிர்காலத்தில் அடுப்புக்குரிய கரியைத் தாமே படியேறிச் சுமப்பார். இரவில் பாத்திரத்து நீர் உறைந்துவிடும். உண்பதிலும் சிக்கனம் செய்தார். ஒருமுறை மயங்கி விழுந்தார். மருத்துவரான தமக்கையின் கணவர் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உணவளித்துத் தேற்றினார்.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பசியையே பெருமைப்படுத்திப் பேசுவதுண்டு. அது பொருந்தாது. மேரியின் ஊக்கம் போற்றத்தக்கது. அவர் கிடந்த பட்டினி பின்பற்றத்தக்கதன்று. உடல் தளர்ந்தால் கணக்கும் தளரும். ஏழை மாணவர்க்குத் தக்க பணியோ உதவித்தொகையோ வேண்டும் என்பதற்கே அந்நிகழ்ச்சி சான்றாகின்றது.

1893ஆம் ஆண்டு நடந்த பௌதிகப் பட்டத்தேர்வில் மேரி முதலிடம் பெற்றார். அதன்பின் போலந்திலிருந்து 600 ரூபிள் உதவித்தொகை அவர்க்குக் கிடைத்தது. அதனைக் கொண்டு கணிதப் பட்டத்துக்குப் படித்தார். அவ்வாறு படித்துக்கொண்டிருக்கும்போதே, 1894இல், தேசியத் தொழில் ஊக்கச் சங்கம் என்னும் பிரெஞ்சு அமைப்பு அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. பலவகை எஃகுகளின் காந்த இயல்பை அளந்து கூற வேண்டும். அதற்கு ஊதியம் உண்டு. பௌதிக மாணவி ஒருவர்க்கு இதனினும் ஏற்ற பகுதிநேரப் பணி வேறு யாது?

பணி கிடைத்தது, பணி செய்ய இடம் கிடைக்கவில்லை. பேராசிரியர் லிப்மனின் ஆய்வுக்கூடத்தில் எஃகுத் துண்டுகளையும் கருவிகளையும் பரப்பி வைக்கப் போதிய இடமில்லை. அக்குறையை மேரி தமக்கு அறிமுகமான போலந்து நாட்டுப் பேராசிரியர் ஒருவரிடம் கூறினார். அவர், காந்தவியலில் வல்ல அறிஞர் ஒருவர் நகரின் தொழிற்பள்ளியில் இருப்பதாகவும், அவர் உதவக்கூடும் என்றும் சொல்லி, இருவரையும் தம் இருப்பிடத்துக்கு அழைத்தார். அவ்வறிஞரே பியேர் கியூரி. அடுத்த ஆண்டு, 1895 சூலைத் திங்களில், அவ்விருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

மேரி தம் கணிதப் படிப்பையும் கைவிடவில்லை. 1894ஆம் ஆண்டிலேயே அப்பட்டத்தேர்வில் இரண்டாமிடம் பெற்றுத் தேறினார். எஃகு ஆராய்ச்சியின் முடிவுகள் 1898இல் வெளிவந்தன. அப்பணியால் வந்த ஊதியத்திலிருந்து 600 ரூபிளைச் சேர்த்து, தமக்கு உதவித்தொகை அளித்தவர்க்கே திருப்பிக் கொடுத்தார். திருப்பித் தர வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. தம்மைப் போன்ற மற்றோர் ஏழை மாணவர்க்கு அது பயன்பட வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

1898ஆம் ஆண்டின் தொடக்கத்தில், யுரேனியத்திலிருந்து வெளிப்படும் கதிர்களை அளக்க மேரி முற்பட்டார். அப்போது அவர் கையாண்டது, பியேரும் ஜாக்கும் கண்ட படிகக் கருவியையே. எஃகுத் துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து பழகியவர், கனிமங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அளந்தார். பிட்ச்பிளெண்டு என்னும் கனிமம், அதிலுள்ள யுரேனியத்தின் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் காட்டியது. பிழையாக இருக்கலாம் என்று ஐயுற்று மீண்டும் அளந்தார், விடை மாறவில்லை. அறியப்படாத தனிமம் ஏதோ அதனுள் மறைந்திருக்க வேண்டும் என்று துணிந்தார். அவ்வாண்டிலேயே கியூரி தம்பதியர் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தனர். 1903இல் பௌதிகத்துக்குரிய நோபெல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது.

இம்மூவர் வரலாற்றையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மூவருக்கும் கிடைத்த பணி, அன்று காண்போர்க்குச் சிறிதாகவே தோன்றியிருக்கும். ஒருவர் சிறுவர்க்குப் பாடம் சொன்னார். ஒருவர் கருவிகளை ஒழுங்குபடுத்தினார். ஒருவர் எஃகுத் துண்டுகளை அளந்தார். ஆனால், அப்பணிகள் ஒவ்வொன்றிலும் செய்பவர் தம் விடைக்குத் தாமே பொறுப்பாளியாயிருந்தார். பாடத்தைத் தவறாகச் சொன்னால் மாணவர் குழம்புவர். கருவி பிழைபட்டால் சோதனை கெடும். அளவு தவறினால் தொழில் கெடும். படிப்புக்கு உறவான பணியின் அடையாளம் இப்பொறுப்பே. தேர்வில் பிழை செய்தால் மதிப்பெண் குறைவதோடு நின்றுவிடும். பணியில் செய்த பிழை மற்றொருவரைச் சென்று தாக்கும். அவ்வச்சமே கற்றதைக் கூர்மையாக்குகின்றது.

இவ்வுண்மையை உணர்ந்த மாணவர்க்குப் பணியின் வாயில்கள் பல திறக்கும். பெரிய ஆராய்ச்சி நிலையத்தின் கதவு இரண்டாம் ஆண்டு மாணவர்க்கு எளிதில் திறவாது. அதற்காக வருந்திக் காலம் கழித்தல் வேண்டா. அடுத்த தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமிக்குப் பாடம் சொல்லச் செல்லலாம். மேலிருந்து விடப்பட்ட கல் கீழே விழ, வானிலுள்ள நிலவு மட்டும் ஏன் விழவில்லை என்று அச்சிறுமி கேட்பாள். ஈர்ப்பு விதியை மனப்பாடமாக ஒப்பிக்க வல்லவரும் அவ்விடத்தில் தடுமாறுவதுண்டு. நிலவும் பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கின்றது; பக்கவாட்டில் அது விரையும் வேகத்தால் பூமியைச் சுற்றி வருகின்றது என்று எளிய சொற்களால் விளக்கும்போது, சிறுமிக்கு முன்னர் ஆசிரியருக்கே அவ்விதி விளங்கும்.

மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையும் ஒரு பள்ளியே. மின்விசிறி ஒன்று மெதுவாகச் சுழல்கின்றது என்று ஒருவர் கொண்டுவருவார். கடைக்காரர் அதிலுள்ள கண்டென்சரை மாற்றுவார். விசிறி விரைந்து சுழலும். கண்டென்சரை மாற்றினால் வேகம் ஏன் கூடுகின்றது என்று பௌதிக மாணவர் எண்ணிப் பார்த்தால், மாறுமின்னோட்டம் பற்றிய ஒரு பாடம் முழுவதும் அதனுள் அடங்கியிருக்கக் காண்பார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லையின் திறனை டயாப்டர் என்னும் அளவால் குறிப்பர். 2 டயாப்டர் திறனுள்ள குவிவில்லையின் குவியத்தூரம் அரை மீட்டர். வகுப்பில் எண்ணாக மட்டும் இருந்தது, அங்கே ஒரு முதியவர் செய்தித்தாள் படிக்கத் துணைபுரியும் பொருளாகின்றது. கல்லூரியிலேயே ஆய்வுக்கூடக் கருவிகளைத் துடைத்து ஒழுங்குபடுத்த ஆள் வேண்டியிருக்கலாம். ஆசிரியர் ஒருவர்க்குக் கணினியில் கணக்கிட்டுத் தரத் துணை வேண்டியிருக்கலாம். கேட்டால் கிடைக்காமலும் போகலாம். கேளாமல் இருந்தாலோ, அவ்வேலை இருப்பதே தெரியாமற் போகும். மேரி தம் இடக்குறையை வாய்திறந்து கூறியிராவிட்டால், பியேரைச் சந்தித்திருப்பாரா?

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. பணி படிப்பைத் தாங்கும் தூணாக நிற்க வேண்டும். படிப்பின் இடத்தைக் கவர்ந்துகொள்ளலாகாது. கைக்கு வரும் பணம் இனியது. இன்னும் ஒருமணி நேரம் உழைத்தால் இன்னும் சிறிது பணம் வரும் என்னும் ஆசை, வகுப்பைத் தவிர்க்கச் செய்யும். பின்னர்த் தேர்வையும் தவறச் செய்யும். எந்நேரத்தில் பணி முடியும் என்பதைப் பணியை ஏற்கும் நாளிலேயே பேசி வரையறுத்துக்கொள்பவர் அறிவுடையவர். படிப்புக்கும் உறக்கத்துக்கும் இடம் விடாத பணி, எவ்வளவு ஊதியம் தருவதாயினும், மாணவர்க்கு உரியதன்று.

படிப்புக்கு உறவான பணி கிடைக்காத காலமும் உண்டு. அப்போது கிடைத்ததைச் செய்து வாழ வேண்டியதுதான். நியூட்டன் ஏவல் செய்தார். மேரி சிற்றூரில் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, இரவில் தம் நூலைத் திறந்தார். நாள் முழுவதும் வேறொருவர்க்கு உரியதாயினும், நாளின் ஒரு மணி நேரத்தையாவது தம் கல்விக்கென்று காத்துக்கொண்டவர், வாயில் திறக்கும் நாளில் உள்ளே செல்ல ஆயத்தமாயிருப்பார். மாணவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை எவர்க்கும் விலைக்குக் கொடாதிருப்பார்களாக!